உள்ளே ஒரு தழும்பு!
வயிற்றின் மேல் காயம் ஆறிவிட்டது. கர்ப்பப்பைக்குள் எப்படி இருக்கிறது? ஒலி சொல்கிறது!

ஓர் இரும்புத் தகடு. பார்வைக்குப் பளபளப்பாக இருக்கிறது. மேலே ஒரு கீறல் கூடக் கிடையாது. ஆனால் உள்ளே விரிசல் இருக்கலாம்!

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? தகட்டை உடைத்துப் பார்க்க முடியுமா? முடியாது. உடைத்தால் தகடு போய்விடும். ஆகவே ஒலியை உள்ளே அனுப்பிப் பார்க்கிறார்கள். விரிசல் இருந்தால் ஒலி அதில் மோதித் திரும்பி வருகிறது. "பழுது இங்கே இருக்கிறது" என்று காட்டிக் கொடுத்துவிடுகிறது.

வெல்டிங் வைத்த இடங்களை இப்படிச் சோதிப்பது பெரிய தொழிற்சாலைகளில் வழக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும், 1961-ல் ஏற்பட்ட ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலும் வேலை பார்த்த குடும்பங்களுக்கு வெல்டிங்கைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியது இல்லை. ஒட்டிய இடம்தான் முதலில் விடும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அதே ஒலி இன்று இன்னோர் ஒட்டைச் சோதித்துப் பார்க்கிறது. அது இரும்பில் உள்ள ஒட்டு அல்ல. தாயின் கர்ப்பப்பையில் உள்ள ஒட்டு!

மாமியாரும் மருமகளும்

அம்பத்தூரில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவனுக்கு லேத் பட்டறையில் வேலை. மனைவிக்கு முதல் பிரசவம் சிசேரியன் ஆபரேஷன். குழந்தைக்கு இப்போது மூன்று வயது. மறுபடியும் நாள் தள்ளிப் போயிருக்கிறது.

"அத்தை, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வரலாமா?" என்று கேட்கிறாள் மருமகள்.

"இப்பவே எதுக்கும்மா? மூணு மாசம் முடியட்டும். அதுக்குள்ள ஊரைக் கூட்ட வேண்டாம்" என்கிறார் மாமியார்.

"போன தடவை ஆபரேஷன் பண்ணின டாக்டரம்மா, நாள் தள்ளினதும் உடனே வரணும்னு சொன்னாங்களே, அத்தை?"

"தழும்பு ஆறி மூணு வருஷம் ஆச்சு. வலி இருக்கா? இல்லையே! அப்புறம் என்ன பயம்?"

மாமியார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மூன்று மாதம் முடியும் முன் வெளியே சொல்லக்கூடாது என்பது பல வீடுகளில் உள்ள வழக்கம். கண்ணுக்குத் தெரியும் தழும்பும் நன்றாகத்தான் ஆறியிருக்கிறது.

ஆனால் மருமகள் சொல்வதே சரி. எப்படி?

தழும்பு ஒன்று அல்ல, இரண்டு!

சிசேரியன் ஆபரேஷனில் டாக்டர் முதலில் அடிவயிற்றின் தோலைத் திறக்கிறார். பிறகு உள்ளே போய், கர்ப்பப்பையின் சதைச் சுவரைத் திறக்கிறார். குழந்தையை வெளியே எடுக்கிறார். நச்சுக்கொடியை எடுக்கிறார். பிறகு கர்ப்பப்பையைத் தைக்கிறார். அதன் பின் வயிற்றைத் தைக்கிறார்.

ஆகவே தழும்பு இரண்டு. ஒன்று வெளியே. அதைத் தாய் தினமும் பார்க்கிறாள். மற்றொன்று உள்ளே. அதை அவள் பார்த்ததே இல்லை.

வெளித் தழும்பு மெல்லிய கோடு போல ஆறியிருக்கும். அதனால் உள் தழும்பும் அப்படித்தான் ஆறியிருக்கும் என்று சொல்ல முடியாது. சிலருக்கு அது கனமாகவும் உறுதியாகவும் ஆறுகிறது. சிலருக்கு மெல்லியதாகிவிடுகிறது. சிலருக்குத் தைத்த இடத்தில் ஒரு சிறு குழி விழுகிறது. இதில் எதுவும் தாயின் குற்றம் அல்ல. அவளுக்கு வலி கூட இருக்காது. அடுத்த கர்ப்பம் வரும் வரை அது பேசாமல் கிடக்கும்.

எத்தனை தாய்மார்களுக்கு?

இது யாரோ சிலருடைய கவலை அல்ல. தேசிய குடும்ப நல ஆய்வு 2019 முதல் 2021 வரை நடந்தது. அதன்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறக்குறைய 45 சிசேரியன். சரியாகச் சொன்னால் 44.9. இந்தியா முழுவதற்கும் சேர்த்து 100-க்கு 21.5 தான். தமிழ்நாட்டில் இதற்கு முந்திய ஆய்வு 2015-16-ல் நடந்தபோது கணக்கு 34.1. சில ஆண்டுகளில் எவ்வளவு ஏற்றம், பாருங்கள்!

சிசேரியன் உயிர் காக்கும் ஆபரேஷன். அது இல்லாவிட்டால் எத்தனையோ தாயும் பிள்ளையும் பிழைத்திருக்க மாட்டார்கள். அதை வெறுக்க வேண்டியது இல்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இன்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இரண்டாவது பிள்ளைக்குக் காத்திருக்கும் தாய்மார்களில் பலருக்கு உள்ளே ஒரு தழும்பு இருக்கிறது.

தழும்பு எப்போது பிறந்தது?

முன் காலத்தில் இந்தப் பிரச்சினையே இல்லை. காரணம் பரிதாபமானது. சிசேரியன் செய்த தாய் பெரும்பாலும் பிழைப்பதே இல்லை!

அந்தக் காலத்து டாக்டர்கள் கர்ப்பப்பையைத் திறந்தார்கள், ஆனால் தைக்கவில்லை. அது தானே சுருங்கி மூடிக்கொள்ளும் என்று நினைத்தார்கள். ரத்தம் நிற்காமல் தாய் இறந்தாள். இல்லாவிட்டால் சீழ் வைத்து இறந்தாள்.

1876-ல் இத்தாலி தேசத்தில் போரோ என்ற டாக்டர் ஒரு வழி கண்டார். குழந்தையை எடுத்ததும் கர்ப்பப்பையையும் வெட்டி எடுத்துவிட்டார். தாய் பிழைத்தாள். ஆனால் அவளுக்கு அடுத்த குழந்தை கிடையாது.

1882-ல் ஜெர்மனியில் மாக்ஸ் சாங்கர் என்ற டாக்டர் அதைவிட நல்ல வழி சொன்னார். "கர்ப்பப்பையை எடுக்க வேண்டாம்; கவனமாகத் தைத்துவிடலாம்" என்றார். அன்றுதான் தாயும் பிழைத்தாள், கர்ப்பப்பையும் பிழைத்தது. கூடவே தழும்பும் பிறந்தது!

பிறகு ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து டாக்டர் மன்ரோ கெர் இன்னொரு மாற்றம் செய்தார். கர்ப்பப்பையின் மேல் பாகத்தில் நெடுக்காக வெட்டாமல், அடிப்பாகத்தில் குறுக்காக வெட்டினார். அந்த இடத்தில் சதை மெல்லியது. ரத்தம் குறைவாக வரும். தழும்பு உறுதியாக ஆறும். 1920-களில் அவர் இதைப் பரப்பினார். இன்று உலகம் முழுவதும் பெரும்பாலும் நடப்பது இந்தக் குறுக்கு வெட்டுத்தான்.

காரில் போன கட்டிகள்

அதே கிளாஸ்கோ நகரத்துக்கு அருகே. 1955-ம் ஆண்டு, ஜூலை மாதம். இரண்டு கார்கள் ஒரு தொழிற்சாலைக்குள் நுழைந்தன. கார்களின் பின்பெட்டிகளில் இருந்தவை என்ன தெரியுமா? ஆபரேஷனில் எடுத்த கட்டிகள்! ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு துண்டு மாட்டிறைச்சியும் இருந்தது.

கொண்டு வந்தவர் டாக்டர் அயான் டொனால்டு. பிரசவ டாக்டர். வந்த இடம் பாய்லர் செய்யும் பாப்காக் அண்டு வில்காக்ஸ் தொழிற்சாலை. அங்கே இரும்பில் விரிசல் பார்க்கும் ஒலிக் கருவி இருந்தது. "இரும்புக்குள் பார்க்கும் கருவி மனித உடம்புக்குள் பார்க்காதா?" என்பதே டாக்டரின் கேள்வி.

பார்த்தது! தண்ணீர் நிறைந்த கட்டி ஒரு விதமாகவும், சதைக் கட்டி வேறு விதமாகவும் எதிரொலித்தன.

டாம் பிரவுன் என்ற இளம் இன்ஜினீயரும், ஜான் மக்விகார் என்ற டாக்டரும் டொனால்டுடன் சேர்ந்தார்கள். ஒரு நோயாளிக்குக் குணப்படுத்த முடியாத வயிற்றுப் புற்றுநோய் என்று மற்ற டாக்டர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். ஒலிக் கருவி வைத்துப் பார்த்தபோது, அது தண்ணீர் நிறைந்த சூல்பைக் கட்டி என்று தெரிந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அந்தப் பெண் பிழைத்தாள்.

1958-ல் மூவரும் தங்கள் கண்டுபிடிப்பை 'லான்செட்' என்ற மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். இன்று தெருவுக்குத் தெரு காணும் ஸ்கேன் சென்டர்களுக்கு அதுவே ஆரம்பம்.

காதுக்குக் கேட்காத ஒலி

ஸ்கேன் என்றதும் சிலர் எக்ஸ்ரே என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். இரண்டும் வேறு. எக்ஸ்ரே கதிர், இது ஒலி.

மனிதக் காது ஒரு வினாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். ஸ்கேன் கருவியின் ஒலி வினாடிக்குப் பல லட்சம் அதிர்வு கொண்டது. அது உடம்புக்குள் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் ஒரு வினாடியில் ஓடுகிறது. சதையிலும், தண்ணீரிலும், எலும்பிலும் மோதி வெவ்வேறு விதமாகத் திரும்புகிறது. திரும்பும் ஒலியைக் கருவி படமாக்கிவிடுகிறது.

காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது. அதனால்தான் வயிற்றில் குளிர்ந்த ஜெல் தடவுகிறார்கள். சில சமயம் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வார்கள். சிறுநீர்ப்பை நிறைந்தால் அதன் பின்னால் உள்ள தழும்பு தெளிவாகத் தெரியும்.

ஆரம்ப வாரங்களில் தழும்பைச் சரியாகப் பார்க்க, பிறப்புறுப்பு வழியாக மெல்லிய கருவியை வைத்துப் பார்ப்பது உண்டு. இதற்குப் பல பெண்கள் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் இயல்புதான். ஆனால் அந்தக் கருவி தழும்புக்கு மிக அருகில் போகிறது. படம் தெளிவாக வருகிறது. அதனால் கர்ப்பம் கலையாது; குழந்தைக்கும் தீங்கு இல்லை.

முதல் ஆபத்து: இடம் தப்பிய கரு

கரு வழக்கமாகக் கர்ப்பப்பையின் மேல் பாகத்தில் ஒட்டி வளரும். எப்போதாவது ஒன்று கீழே இறங்கி, பழைய தழும்புக் குழியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. இதைத் தழும்புக் கர்ப்பம் என்று சொல்லலாம். மருத்துவ உலகில் இது முதலில் பதிவானது 1978-ல். சுமார் 2,000 கர்ப்பங்களுக்கு ஒன்று என்பது இன்றைய கணக்கு.

அபூர்வம்தான். ஆனால் வந்தால் பொல்லாதது. அந்த இடத்தில் சதை மெல்லியது. கரு வளர வளரத் தழும்பு விரிந்து கிழியலாம். ரத்தம் வெள்ளமாகப் போகலாம்.

இதைக் கண்டுபிடிக்க நல்ல காலம் ஆறாவது, ஏழாவது வாரம். ஸ்கேனில் டாக்டர் நான்கு விஷயங்களைப் பார்க்கிறார். கர்ப்பப்பையின் மேல் பாகம் காலியாக இருக்கிறதா? கர்ப்பப்பையின் வாய்ப் பாதையும் காலியா? கருப்பை நீர்ப் பை முன்பக்கம், தழும்பு இருக்கும் இடத்தில் புதைந்திருக்கிறதா? அதற்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவே சதை எவ்வளவு மிச்சம்? பல சமயம் மிச்சம் 3 மில்லிமீட்டர் கூட இருக்காது.

பிறகு வண்ணப் படம் போடுகிறார்கள். ஓடும் ரத்தம் சிவப்பாகவும் நீலமாகவும் தெரியும். கருவைச் சுற்றி ரத்தக் குழாய்கள் தழும்பில் நெருக்கமாக ஓடினால் சந்தேகம் உறுதியாகிறது.

ஏன் மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது? காரணம் இதுதான். எட்டு, ஒன்பது வாரம் தாண்டினால் பை பெரிதாகி மேலே ஏறிவிடுகிறது. அப்போது படத்தைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றும்! வேர் மட்டும் தழும்பிலேயே இருக்கும்.

மருமகளின் பேச்சு சரி என்றது இதற்காகத்தான்.

தழும்புக் கர்ப்பம் என்று தெரிந்தால், அதைத் தொடர விடுவது தாயின் உயிருக்கு ஆபத்து. பெரிய ஆஸ்பத்திரியில், ஊசி மருந்தோ ஆபரேஷனோ எது பொருத்தம் என்று டாக்டர்கள் முடிவு செய்வார்கள். ஆரம்பத்திலேயே கண்டால் பெரும்பாலும் கர்ப்பப்பையைக் காப்பாற்றலாம்.

கடை மாத்திரை வேண்டாம்!

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். "இப்போது பிள்ளை வேண்டாம்" என்று சிலர் டாக்டரைப் பார்க்காமலே மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். கரு எந்த இடத்தில் இருக்கிறது என்று மாத்திரைக்குத் தெரியாது! கரு தழும்பில் இருந்தால் ரத்தப்போக்கு கட்டுக்கு அடங்காமல் போகலாம்.

கர்ப்பத்தைக் கலைப்பதற்கு 1971-ல் வந்த சட்டம் இருக்கிறது. 2021-ல் அது திருத்தப்பட்டது. தகுதி பெற்ற டாக்டர் மூலம் அதை முறையாகச் செய்துகொள்ளலாம். ஒளிந்து செய்ய வேண்டிய தேவை இல்லை. முன்பு சிசேரியன் ஆனவர்கள் முதலில் ஸ்கேன் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் மாத்திரை.

இரண்டாவது ஆபத்து: வேர் விடும் நச்சுக்கொடி

பழைய வீட்டுச் சுவரைப் பாருங்கள். விரிசல் உள்ள இடத்தில் அரசங்கன்று முளைக்கிறது. முதலில் இரண்டு இலை. பிறகு வேர் செங்கல்லுக்குள் புகுந்துவிடுகிறது. பிடுங்கினால் சுவரும் சேர்ந்து வருகிறது!

நச்சுக்கொடிக்கும் கர்ப்பப்பைச் சதைக்கும் நடுவே இயற்கை ஒரு மெல்லிய அடுக்கு வைத்திருக்கிறது. குழந்தை பிறந்ததும் நச்சுக்கொடி அந்த அடுக்கோடு சுலபமாகக் கழன்று வரும். தழும்பில் அந்த அடுக்குச் சரியாக இருப்பது இல்லை. நச்சுக்கொடி அங்கே ஒட்டினால் வேர் சதைக்குள் இறங்கிவிடுகிறது. சில சமயம் சிறுநீர்ப்பை வரை போய்விடுகிறது. பிரசவத்தில் அது கழலாது. இழுத்தால் ரத்தம் கொட்டும். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு ஒரு நிமிஷத்தில் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வந்து போகிறது. அது திறந்துகொண்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்!

ஆபரேஷன் எண்ணிக்கை கூடக் கூட இந்த ஆபத்தும் கூடுகிறது. அமெரிக்காவில் 30,000-க்கு மேற்பட்ட சிசேரியன் தாய்மார்களை ஆராய்ந்து 2006-ல் முடிவு வெளியிட்டார்கள். நச்சுக்கொடி கீழே இறங்கி, கர்ப்பப்பை வாயை மறைத்திருந்த பெண்களில், முன்பு ஒரு சிசேரியன் ஆனவர்களுக்கு 100-க்கு 11 பேர் வீதம் இப்படி வேர் இறங்கியிருந்தது. முன்பு இரண்டு ஆனவர்களுக்கு 40. மூன்று ஆனவர்களுக்கு 61!

நச்சுக்கொடி மேலே இருந்தால் இந்த ஆபத்து மிகவும் குறைவு. ஆகவே ஐந்தாவது மாத ஸ்கேனில் ஒரு கேள்வி முக்கியம். "நச்சுக்கொடி எங்கே இருக்கிறது? தழும்பின் மேலா?"

கீழே இருந்தால் உடனே கலங்க வேண்டாம். கர்ப்பப்பை வளரும்போது பலருக்கு அது தானாக மேலே போய்விடுகிறது. எட்டாவது மாதத் தொடக்கத்தில் மறுபடியும் பார்ப்பார்கள். அப்போதும் தழும்பின் மேல் இருந்தால் இன்னும் நுணுக்கமாகத் தேடுவார்கள். நச்சுக்கொடிக்கும் சதைக்கும் நடுவே வழக்கமாகத் தெரியும் கறுப்புக் கோடு மறைந்துவிட்டதா? நச்சுக்கொடிக்குள் ஒழுங்கில்லாத ரத்தக் குழிகள் இருக்கின்றனவா? சிறுநீர்ப்பையின் ஓரம் நேராக இருக்கிறதா, கலைந்திருக்கிறதா?

முன்கூட்டித் தெரிந்தால் ஏற்பாடு செய்யலாம். வலி வரும் வரை காத்திருக்காமல், 34 முதல் 36 வாரத்துக்குள் நாள் குறிப்பார்கள். ரத்த வங்கி, மயக்க டாக்டர், குழந்தை டாக்டர், சிறுநீரக ஆபரேஷன் டாக்டர் எல்லோரும் தயாராக இருக்கும் ஆஸ்பத்திரியில் பிரசவம் நடக்கும். பலருக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட நேரும். வருத்தம்தான். ஆனால் தாய் பிள்ளையோடு வீடு திரும்புவாள்.

மூன்றாவது ஆபத்து: தையல் விடுவது

மாதம் ஏற ஏறக் கர்ப்பப்பையின் அடிப்பாகம் இழுபட்டு மெல்லியதாகிறது. தழும்பும் இழுபடுகிறது. பிரசவ வலியில் அழுத்தம் அதிகம். அப்போது தழும்பு பிரிந்துவிடலாம்.

இது எத்தனை பேருக்கு நேருகிறது? குறுக்கு வெட்டுத் தழும்புடன் சுகப்பிரசவத்துக்கு முயலும் தாய்மார்களில் சுமார் 200 பேருக்கு ஒருவர். மற்ற 199 பேருக்கு இது நேருவது இல்லை. முயல்கிறவர்களில் நான்கில் மூன்று பேருக்குச் சுகப்பிரசவமே ஆகிறது. ஆனால் நேரும் அந்த ஒருவருக்கு நிமிஷக் கணக்கில் ஆபரேஷன் நடக்க வேண்டும். ஆகவே இந்த முயற்சி எந்த நேரமும் ஆபரேஷன் செய்யக்கூடிய ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும்.

தழும்பின் கனத்தை ஸ்கேன் மூலம் அளக்கலாம். பிரான்ஸ் நாட்டு டாக்டர்கள் 642 தாய்மார்களுக்கு 36-வது வாரத்துக்குப் பிறகு அளந்து பார்த்து, 1996-ல் முடிவைச் சொன்னார்கள். 4.5 மில்லிமீட்டருக்கு மேல் கனம் இருந்த 278 பேரில் ஒருவருக்குக் கூடத் தழும்பு பழுதாகவில்லை. 2.5 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவாகவும் இருந்த 51 பேரில் 8 பேருக்குப் பழுது காணப்பட்டது.

அப்படியானால் அளவு குறைந்தால் ஆபத்து நிச்சயமா? இல்லை. அந்த 51 பேரில் 43 பேருக்கு ஒன்றும் ஆகவில்லையே! ஸ்கேன் அளவு ஒரு சாட்சி. தீர்ப்பு அல்ல. முந்தைய ஆபரேஷன் எப்படி நடந்தது, எத்தனை ஆபரேஷன், இடைவெளி எவ்வளவு, குழந்தையின் எடை என்ன என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு சொல்வார்.

இடைவெளி முக்கியம். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த பிரசவத்துக்கும் நடுவே 18 மாதம் கூட இல்லாவிட்டால் தழும்பு விடும் வாய்ப்பு அதிகமாகிறது.

எப்போது ஓட வேண்டும்?

ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருந்தாலும் இந்த அடையாளங்களை அலட்சியம் செய்யக்கூடாது.

எந்த மாதத்திலும் ரத்தப்போக்கு. வலி இல்லாமல் போனாலும் சரி.

தழும்பு இருக்கும் இடத்தில் விடாத வலி. பிரசவ வலி விட்டு விட்டு வரும். இது விடாமல் இருக்கும்.

குழந்தையின் அசைவு குறைவது.

தலை சுற்றல், மயக்கம், உடம்பு சில்லிட்டு வியர்ப்பது.

இவற்றில் ஒன்று கண்டாலும் "காலையில் பார்க்கலாம்" என்று படுக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்யுங்கள். "முன்பு சிசேரியன் ஆனவர்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

எங்கே போவது?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்று இடத்திலும் அரசு ஆஸ்பத்திரி உண்டு. மேல் சிகிச்சை தேவைப்பட்டால் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. எழும்பூரில் தாய் சேய் நல ஆஸ்பத்திரி இருக்கிறது. அது 1844-ல் ஏற்பட்டது. பல தலைமுறைகளைப் பெற்றுத் தந்த இடம்!

தமிழ்நாட்டில் கர்ப்பம் என்று தெரிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணம் பெற 12 வாரத்துக்குள் பதிவு தேவை. ஆனால் முன்பு சிசேரியன் ஆனவர்கள் 12 வாரம் வரை காத்திருக்க வேண்டாம். ஆறாவது வாரமே போகட்டும். பதிவும் ஆகும், தழும்பையும் பார்த்துவிடலாம்.

ஸ்கேன் சென்டரில் ஒரு கேள்வியை மட்டும் கேட்கக் கூடாது. "ஆணா, பெண்ணா?" என்ற கேள்வி. 1994-ல் வந்த சட்டப்படி அதைக் கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. "கரு எங்கே இருக்கிறது? நச்சுக்கொடி எங்கே இருக்கிறது? தழும்பு எப்படி இருக்கிறது?"

பீரோவில் இருக்கும் சீட்டு

இவை எல்லாவற்றுக்கும் ஆதாரமான ஒரு காகிதம் உண்டு. முதல் பிரசவத்தில் ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு!

கர்ப்பப்பையில் குறுக்கு வெட்டா, நெடுக்கு வெட்டா என்பது அதில்தான் இருக்கும். வயிற்றுத் தழும்பைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. நெடுக்கு வெட்டு என்றால் வலி வரும் வரை விடக் கூடாது. ஆபரேஷனில் சிக்கல் ஏற்பட்டதா, ரத்தம் ஏற்றினார்களா, காய்ச்சல் வந்ததா என்பதும் அதில் இருக்கும்.

நம் பெண்கள் புகுந்த வீட்டில் மாதா மாதம் காட்டுகிறார்கள். வளைகாப்பு முடிந்ததும் தாய் வீட்டுக்குப் போகிறார்கள். சீட்டும் ஸ்கேன் படங்களும் அம்பத்தூர் பீரோவில் தங்கிவிடுகின்றன. நடு இரவில் வலி எடுக்கிறது. புது ஊர், புது டாக்டர். "முதல் ஆபரேஷன் ஏன் செய்தார்கள்?" என்று கேட்டால் பதில் இல்லை. வளையலோடு அந்தப் பையும் போக வேண்டும்!

அம்பத்தூர்க் குடும்பத்துக்கு மறுபடியும் வருவோம்.

மாமியார் சிறிது நேரம் யோசிக்கிறார். "உள்ளேயும் ஒரு தழும்பு இருக்குன்னு எனக்குத் தெரியாதே, அம்மா" என்கிறார். பீரோவைத் திறந்து, பட்டுப் புடவைக்கு அடியில் மடித்து வைத்திருந்த பழைய சீட்டை எடுக்கிறார்.

"ஊருக்கு மூணு மாசம் கழிச்சுச் சொல்லிக்கலாம். டாக்டருக்கு நாளைக்கே சொல்லிடுவோம். நானும் கூட வர்றேன்."